வெள்ளைக்கல், கழிவுநீர், பாப்பாவின் படிப்பு: செவ்வாய்ப்பேட்டை அப்பாவுக்கு ஒரு பதில்

வணக்கம் அண்ணா,

பாப்பா கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டாம் என்கிறாள், ஆலைக் கழிவை வைத்துச் சாக்கடைத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் படிப்புதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள், "இதுக்கா பிள்ளையைப் படிக்க வெச்சேன்" என்று நீங்கள் குமுறுகிறீர்கள். பொறியியல் கலந்தாய்வு நெருங்கிவிட்டதால் நேராகவே சொல்கிறேன். அவள் பிடித்திருப்பது நல்ல விஷயம். ஆனால் அந்தப் பெயரிலேயே ஒரு பட்டப்படிப்பைத் தேடி அலைய வேண்டாம்.

முதலில் அவள் என்ன சொல்கிறாள் என்று பார்த்துவிடுவோம். சுத்திகரிப்பு நிலையத்தை விட்டு வரும் தண்ணீர் பார்க்கத் தெளிவாக இருக்கும், நாற்றமும் அடங்கியிருக்கும். ஆனாலும் நம் சிறுநீரிலிருந்தும் சோப்புத்தூளிலிருந்தும் வந்த நைட்ரஜனும் பாஸ்பரஸும் அதில் கரைந்தே கிடக்கும். இரண்டுமே உரம். வயலில் விழுந்தால் பயிர் வளரும், ஏரியில் விழுந்தால் பாசியும் ஆகாயத்தாமரையும் வளரும். பாசி செத்து மட்கும்போது தண்ணீரிலுள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும், மீன் செத்து மிதக்கும். சேலத்தில் திருமணிமுத்தாற்றுப் பக்கம் குடியிருப்பவருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

பாஸ்பரஸைப் பிடிக்கக் கால்சியம், இரும்பு, அலுமினியம், மெக்னீசியம் இவற்றில் ஒன்று வேண்டும். நிலையங்களில் இதற்காகப் படிகாரமோ இரும்பு உப்போ காசு கொடுத்து வாங்கிப் போடுகிறார்கள். அதே சரக்கு ஆலைக் கழிவுகளில் சும்மா கிடக்கிறது. உருக்காலைக் கசடில் சுண்ணாம்பு இருக்கிறது. பாக்சைட்டிலிருந்து அலுமினியம் எடுத்தபின் மிஞ்சும் செஞ்சேற்றில் இரும்பும் அலுமினியமும் இருக்கின்றன. சேர்வராயன் மலையில் வெட்டிய பாக்சைட் மேட்டூர் ஆலைக்குப் போன காலம் உங்களுக்கே நினைவிருக்கும். கருப்பூர், மாமாங்கம் பக்கத்து வெள்ளைக்கல்லில் (மேக்னசைட்) இருப்பது மெக்னீசியம். உங்கள் வெள்ளிப் பட்டறையில் தரை கூட்டிய மண்ணைக்கூட வீசாமல் வெள்ளி பிரிக்கக் கொடுப்பீர்கள் அல்லவா, பாப்பா போடுவதும் அதே கணக்குதான்.

இது வெறும் ஏட்டுக் கதையும் இல்லை. நியூசிலாந்தின் வையுக்கு என்ற ஊரில் 1993இல் உருக்காலைக் கசடை நிரப்பி வடிகட்டி அமைத்து, ஊர்க் கழிவுநீரை அதன் வழியே விட்டார்கள். முதல் 5 ஆண்டுகள் பாஸ்பரஸில் 77 சதவீதத்தைப் பிடித்தது. அப்புறம் கசடின் சக்தி தீர்ந்து, பிடிப்பு குறைந்தது. எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது, மாற்றிய கசடை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று கணக்குப் போட ஆள் வேண்டும். வேலை அங்கேதான் இருக்கிறது.

சேலத்து மண்ணிலேயே கிடப்பது என்பதால் மெக்னீசியத்தைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். மெக்னீசியம், அம்மோனியம், பாஸ்பேட் மூன்றும் சரிபங்கில் சேர்ந்தால் ஸ்ட்ரூவைட் என்ற வெள்ளைப் படிகம் உண்டாகும். மெதுவாகக் கரையும் நல்ல உரம் அது. சும்மா விட்டால் சுத்திகரிப்பு நிலையக் குழாய்களில் தானாகவே படிந்து அடைப்பதும் அதுதான். ஆனால் கழிவுநீரில் பாஸ்பேட்டைவிட அம்மோனியா பல மடங்கு அதிகம். அதனால் ஸ்ட்ரூவைட் அம்மோனியாவில் ஒரு பங்கைத்தான் எடுக்கும். அதுவும் நீர்த்துப்போன தண்ணீரில் சரிவராது, சேற்றைச் செரிக்க வைக்கும் தொட்டியிலிருந்து வடியும் கெட்டியான நீரில்தான் கட்டுப்படியாகும். நைட்ரேட்டை இந்தக் கழிவுகள் அநேகமாகத் தொடுவதே இல்லை, அதற்கு நுண்ணுயிர்தான் கதி. இதெல்லாம் பாப்பாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆலைக் கழிவே எல்லாவற்றையும் சுத்தம் செய்துவிடும் என்று நம்பிக்கொண்டு வந்தால் முதல் வருடமே மனசு விட்டுப்போகும்.

ஆபத்தும் உண்டு. துருப்பிடிக்காத எஃகின் கசடில் குரோமியம் இருக்கும். செஞ்சேற்றின் காரம் தோலைப் பொசுக்கும். 2010இல் ஹங்கேரியில் செஞ்சேற்று அணை உடைந்து 10 பேர் இறந்தார்கள். தண்ணீரில் போடும் முன் அந்தக் கழிவிலிருந்து என்னென்ன கசிகிறது என்று சோதித்தே ஆக வேண்டும். அதற்கு நல்ல வேதியியல் அடித்தளம் வேண்டும். பிளஸ் டூவில் வேதியியல் பிடித்துப் படித்தாளா என்று கேளுங்கள். எனக்கு அவளுடைய மொத்த மதிப்பெண்ணைவிட அதுதான் முக்கியம்.

இனி படிப்பு. பி.இ. சிவில் அல்லது கெமிக்கல் எடுக்கட்டும், சுற்றுச்சூழல் பொறியியலை எம்.இ.யில் வைத்துக்கொள்ளலாம். எம்.இ. சேர எழுதும் கேட் (GATE) தேர்வில் 2021 முதல் அதற்குத் தனித் தாளே இருக்கிறது. கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரியில் சிவில் கிடைத்தால் யோசிக்காமல் சேருங்கள், வீட்டிலிருந்தே போய் வரலாம். பொறியியல் கிடைக்காவிட்டாலும் பி.எஸ்சி. வேதியியல் அல்லது பாறை, மண், கனிமம் பற்றிய பாடமான ஜியாலஜி வழியாக இதே இடத்துக்கு வரலாம். கொஞ்சம் சுற்று வழி, அவ்வளவுதான்.

வேலை? குடிநீர் வடிகால் வாரியமும் மாசுக்கட்டுப்பாட்டு வாரியமும் எல்லோருக்கும் தெரியும், ஆனால் அறிவிப்பு எப்போது வரும் என்று காத்திருக்க வேண்டும். திருப்பூர், பெருந்துறைப் பக்கம் சாயக் கழிவுநீர் நிலையங்களுக்கு ஆள் தேவை உண்டு. சுத்திகரிப்பு நிலையம் கட்டி நடத்தும் கம்பெனிகள், பரிசோதனைக் கூடங்கள் என்று தனியார் பக்கமும் இருக்கிறது. சுத்திகரித்த கழிவுநீரில் நைட்ரஜனுக்கும் பாஸ்பரஸுக்கும் வரம்பு வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019இல் உத்தரவிட்டது. வரம்பு இறுக இறுக இந்த வேலை தெரிந்தவர்களுக்கு மதிப்பு கூடும். ஆரம்பச் சம்பளம் ஐ.டி. அளவுக்கு இருக்காது. இதை மறைத்து உங்களைச் சம்மதிக்க வைக்க எனக்கு விருப்பமில்லை.

பொண்ணு சாக்கடைக்குள் இறங்குவாளோ என்ற பயம் வேண்டாம். நிலையத்துக்குப் போவாள், நாற்றம் இருக்கும், கையுறையும் பூட்ஸும் போடுவாள். பாதி வேலை ஆய்வகத்திலும் வரைபடத்திலும்தான்.

கல்லூரி பார்க்கப் போகும்போது சுற்றுச்சூழல் ஆய்வகத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஜார் டெஸ்ட் கருவி என்று கேளுங்கள். வரிசையாக ஆறு குடுவை, ஒவ்வொன்றிலும் ஒரு துடுப்பு, ஒரே தண்ணீர், ஆனால் படிகாரம் போன்ற மருந்தின் அளவு மட்டும் வேறு வேறு. கலக்கித் தெளியவிட்டு, மேல்நீரில் சோதனைத் திரவம் சேர்த்தால் நீலம் ஏறும். பாஸ்பேட் அதிகம் என்றால் அடர்நீலம், குறைந்திருந்தால் வெளிறிய நீலம். மாணவர்கள் அதைத் தொட்டுப் பழகுகிறார்களா, துணி போட்டு மூடி வைத்திருக்கிறார்களா என்று அங்கே படிக்கும் பிள்ளைகளிடமே கேளுங்கள். மூடி வைத்திருந்தால் விருப்பப் பட்டியலில் அந்தக் கல்லூரியைக் கீழே தள்ளிவிடலாம்.