கிட்டாரில் கார்டு பிடிக்க வருகிறது, ஸ்ட்ரம்மிங் மட்டும் பாட்டோடு சேரவில்லை. என்ன செய்யலாம்?

ஜி, சி, டி, இ மைனர் கார்டுகள் (பல ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்கும் விரல் பிடிகள்) நான்கும் ஓரளவு சுத்தமாக வருகிறது, 'டவுன், டவுன் அப், அப் டவுன் அப்' என்று கம்பிகளைக் கீழும் மேலுமாக வாரி அடிக்கும் ஸ்ட்ரம்மிங் பேட்டர்னும் மனப்பாடம், ஆனால் பாட்டைப் போட்டுவிட்டுக் கூடவே வாசித்தால் இரண்டாவது வரியிலேயே விலகிப் போகிறது, எனக்குத் தாள ஞானமே இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாள ஞானம் உங்களுக்கு இருக்கிறது. விலகுகிறது என்று நீங்களேதானே கண்டுபிடித்தீர்கள்? அது இல்லாதவர் விலகியது தெரியாமல் சந்தோஷமாக வாசித்துக்கொண்டே போயிருப்பார். எங்கள் பகுதியில் வார இறுதிகளில் சில பேருக்குக் கிட்டார் சொல்லிக் கொடுக்கிறேன். புதிதாக வருகிறவர்களில் பாதிக்கு மேல் இதே இடத்தில்தான் திணறுகிறார்கள். காரணமும் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒன்றுதான்: வலது கை நின்று நின்று போகிறது.

(வலது கையால் கம்பியை அடிப்பவர் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இடது கைக்காரர் என்றால் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.)

நீங்கள் மனப்பாடம் செய்திருப்பது அடிகளின் வரிசை. எந்த அடிக்கும் எந்த அடிக்கும் நடுவில் எவ்வளவு நேரம் என்பது அந்த வரிசையில் இல்லை. அதனால் கை ஒரு அடி அடிக்கிறது, அடுத்தது மேலா கீழா என்று யோசிக்கிறது, பிறகு அடிக்கிறது. நன்றாக ஸ்ட்ரம் செய்பவரின் கையைக் கம்பியின் சத்தத்தை மறந்துவிட்டுக் கவனித்துப் பாருங்கள். அது பாட்டு முழுக்க ஒரே சீராகக் கீழும் மேலுமாகப் போய்க்கொண்டே இருக்கும். சில முறை கம்பியைத் தொடும், சில முறை தொடாமல் காற்றில் போகும். பேட்டர்ன் என்பது எங்கே தொடுவது, எங்கே விடுவது என்பது மட்டும்தான். கையின் ஓட்டம் மாறுவதே இல்லை.

இதை ஆங்கில எண்ணிக்கையில் 'ஒன் அண்ட் டூ அண்ட்' என்று சொல்லிக் கொடுப்பார்கள். எனக்குத் தாளத்தை வாயால் சொல்லும் நம் சொற்கட்டு இன்னும் வசதியாக இருக்கிறது. 'தக திமி தக ஜணு' என்று நிதானமாகச் சொல்லுங்கள். எட்டு எழுத்து. த, தி, மறுபடி த, ஜ நான்கிலும் காலால் தரையைத் தட்டுங்கள். அந்த நான்கிலும் கை கீழே போக வேண்டும். க, மி, க, ணு நான்கிலும் கை மேலே வர வேண்டும். இது சட்டம். கம்பியைத் தொட்டாலும் தொடாவிட்டாலும் இது மாறாது.

இப்போது உங்கள் பேட்டர்னை இதன்மேல் வைப்போம். முதல் த-வில் கீழ் அடி. க-வில் கை மேலே வரும், ஆனால் தொடாது. தி-யில் கீழ் அடி, மி-யில் மேல் அடி. அடுத்த த-வில்தான் எல்லோரும் விழுகிறார்கள். அங்கே கை கீழே போக வேண்டும், ஆனால் தொடக் கூடாது. பிறகு க-வில் மேல் அடி, ஜ-வில் கீழ், ணு-வில் மேல். 'அப் அப்' என்று அடுத்தடுத்து இரண்டு மேல் அடி வருகிறதே, அவற்றுக்கு நடுவில் சத்தமில்லாமல் ஒரு கீழ்ப் பயணம் இருக்கிறது. அந்தப் பயணத்தை முழுங்கிவிட்டு, கையை மேலேயே நிறுத்திவைத்து அடுத்த அப்பை அடித்தால், ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக நேரம் தின்னப்படும். இரண்டாவது வரியில் விலகுவது அதனால்தான்.

சரி, இதைக் கைக்கு எப்படிப் பழக்குவது? முதலில் கார்டை விட்டுவிடுங்கள். இடது கை விரல்களை ஆறு கம்பிகளின் மேலும் அழுத்தாமல், சும்மா படும்படி வையுங்கள். கம்பி அடங்கிப்போய் 'சக் சக்' என்று மட்டும் சத்தம் வரும். இந்த நிலையில் எட்டு எழுத்தையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எல்லா எழுத்துக்கும் அடியுங்கள். கை ஓட்டம் சீரானதும், கையை நிறுத்தாமல், நடுவில் வரும் அந்த த-வை மட்டும் தொடாமல் விடுங்கள். அது பழகியதும் முதல் க-வையும் விடுங்கள். அவ்வளவுதான், உங்கள் பேட்டர்ன் தானாக வந்திருக்கும். வரிசையைக் கட்டுவதைவிட, முழுசாக அடித்துவிட்டு வேண்டாததைக் கழிப்பது கைக்குச் சுலபம். வாய்விட்டுச் சொல்வதை மட்டும் வெட்கப்பட்டு விட்டுவிடாதீர்கள். வாய் நின்றால் கையும் நிற்கும்.

கை அசைவு பற்றி இரண்டு வார்த்தை. முழங்கையிலிருந்து மொத்தக் கையும் ஏறி இறங்கினால் சீக்கிரம் வலிக்கும், சத்தமும் முரடாக வரும். கை கழுவிவிட்டு விரல் நுனியில் நிற்கும் தண்ணீரை உதறுவோமே, அந்த மணிக்கட்டுச் சுழற்சிதான் வேண்டும். முன்கை கிட்டார் உடம்பின் மேல் விளிம்பில் சாய்ந்திருக்கட்டும். கம்பியை அடிக்கும் சின்ன வில்லையான பிக்கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டுக்கும் நடுவில் பிடியுங்கள். நுனி மூன்று நான்கு மில்லிமீட்டர் மட்டும் வெளியே தெரிந்தால் போதும். அதிகம் நீட்டினால் மேல் அடியில் கம்பியில் மாட்டிக்கொள்ளும். கடையில் கேட்கும்போது 0.60 அல்லது 0.73 மில்லிமீட்டர் பிக்காகக் கேளுங்கள். ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தடிமன் உள்ளவை தனித்தனிக் கம்பியாக வாசிப்பவர்களுக்கு நல்லவை, ஸ்ட்ரம்மிங் புதிதாகப் பழகுபவருக்கு அவை கொஞ்சமும் வளைந்து கொடுக்காது.

மேல் அடியில் ஆறு கம்பியையும் வாரி எடுக்க வேண்டியதில்லை. கீழேயுள்ள மெல்லிய கம்பிகள் மூன்று அல்லது நான்கு தொட்டால் போதும். கீழ் அடியிலும் டி கார்டுக்கு (மெல்லிய கம்பியிலிருந்து எண்ணினால்) நான்காவது கம்பியிலிருந்து, சி-க்கும் ஏ மைனருக்கும் ஐந்தாவதிலிருந்து தொடங்குங்கள். ஜி, இ மைனர் என்றால் ஆறும் ஒலிக்கலாம். இதெல்லாம் ஆரம்பத்தில் பிசகினால் பரவாயில்லை. கம்பி தவறினால் ஒரு நொடி அழுக்காகக் கேட்கும், அடுத்த அடியில் மறந்துவிடும். கை நின்றால் பாட்டே நின்றுவிடும்.

அடுத்தது கார்டு மாற்றம். இங்கேதான் பெரும்பாலானவர்கள் தங்கள் தாளத்தைத் தாங்களே உடைக்கிறார்கள். சி-யிலிருந்து ஜி-க்குப் போக இடது கை தடுமாறுகிறது, வலது கை மரியாதையாகக் காத்திருக்கிறது. காத்திருக்கக் கூடாது. இடது கை வந்து சேரவில்லையா, காலிக் கம்பிகளையே அடியுங்கள், ஆனால் அடியுங்கள். கடைசி ணு-வின் மேல் அடி காலிக் கம்பியில் விழுந்தால் கேட்பவருக்குத் தெரியவே தெரியாது. தேர்ந்த வாசிப்பாளர்களும் அந்தக் கடைசி அடியில்தான் விரலை எடுத்து அடுத்த கார்டுக்குக் கிளம்புகிறார்கள். பதிவுகளைக் காது வைத்துக் கேட்டால் இது பிடிபடும். கொஞ்ச நாள் இப்படி விடாமல் அடித்தால், வலது கையின் வேகத்துக்கு இடது கை தானே ஓடி வரப் பழகிக்கொள்ளும்.

பழகுவதற்கு இ மேஜரும் ஏ மைனரும் நல்ல ஜோடி. இரண்டுக்கும் விரல் வடிவம் ஒன்றுதான், மூன்று விரலும் அப்படியே ஒரு கம்பி கீழே இறங்கினால் இ மேஜர் ஏ மைனராகிவிடும். இரண்டும் மாறி மாறிக் கேட்கவும் இனிமையாக இருக்கும். நான்கு கார்டோடு மல்லுக்கட்டுவதை ஒரு வாரம் தள்ளிவைத்துவிட்டு, இந்த இரண்டை மட்டும் வைத்துச் சுற்றுக்கு ஒரு முறை மாற்றிப் பாருங்கள்.

இனி நான் ரொம்பவும் சொல்ல விரும்பும் விஷயம். நீங்கள் எந்தப் பாட்டோடு வாசித்துப் பார்த்தீர்கள் என்று எழுதவில்லை. தமிழ்ப் பாட்டாக இருந்தால், கை சரியாக ஓடினாலும் பேட்டர்ன் சேராமல் போக இன்னொரு காரணம் உண்டு. இணையத்தில் ஆரம்பப் பாடம் நடத்துபவர்கள் பெரும்பாலும் மேற்கத்திய பாப் பாட்டுகளை வைத்துச் சொல்லித்தருகிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை நான்கு தட்டு, தட்டுக்கு இரண்டு பிரிவு. நம் சினிமாப் பாட்டுகளில் மூன்றாகப் பிரியும் தாளம் ஏராளம். தாலாட்டு மாதிரி மெல்லப் போகிற பாட்டுகளிலும் இருக்கிறது, டப்பாங்குத்திலும் பெரும்பாலும் அதுதான். கர்நாடக சங்கீதத்தில் திஸ்ர நடை என்பார்கள், மேற்கத்திய முறையில் ஆறுக்கு எட்டு என்று எழுதுவார்கள். மூன்றாகப் பிரியும் பாட்டின்மேல் இரண்டாகப் பிரியும் பேட்டர்னை வைத்தால், எவ்வளவு பயிற்சி செய்தாலும் சேராது. அது உங்கள் குறையே இல்லை.

கண்டுபிடிப்பது எளிது. கிட்டாரைக் கீழே வைத்துவிட்டுப் பாட்டைப் போடுங்கள். கால் தானாக எங்கே தட்டுகிறதோ தட்டட்டும். ஒரு தட்டிலிருந்து அடுத்த தட்டுக்குள் 'தக' என்று சொன்னால் பொருந்துகிறதா, 'தகிட' என்று சொன்னால் பொருந்துகிறதா? டிரம்ஸையோ தபலாவையோ கேட்டுக்கொண்டே சொல்லிப் பாருங்கள். ஒன்று வாயில் வழுக்கிக்கொண்டு போகும், மற்றது முட்டும்.

என்னிடம் பரதம் ஆடும் கல்லூரி மாணவி ஒருத்தி வந்தாள். அவளுக்குப் பிடித்த பாட்டு ஒன்று. வீடியோவில் பார்த்த பேட்டர்னை அதற்கு வைத்து அடித்து அடித்து, அழாத குறையாக உட்கார்ந்திருந்தாள். "இந்தப் பாட்டுக்கு நீ ஆடினா கால் எப்படிம்மா விழும்?" என்று கேட்டேன். உட்கார்ந்தபடியே பாதத்தைத் தரையில் தட்டி, "தகிட தகிட... சார், இது திஸ்ரம்!" என்றாள். அப்புறம் நான் சொல்வதற்கு அதிகம் இருக்கவில்லை. த-வில் கீழ், கி-யில் கீழ், ட-வில் மேல் என்று மட்டும் காட்டினேன். முதலில் அடங்கிய கம்பியில் 'சக் சக் சக்' என்று அடித்தாள், பிறகு ஏ மைனர் பிடித்தாள், பிறகு பாட்டைப் போடச் சொன்னாள். முதல் சரணம் வரைக்கும் நிற்காமல் வந்தாள். பல வருடமாகக் காலில் இருந்த தாளத்தைக் கைக்கு இறக்கிக்கொண்டாள், அவ்வளவுதான். அவளைவிட எனக்குத்தான் அன்றைக்கு சந்தோஷம் அதிகம்.

'கீழ் கீழ் மேல்' அடிக்கும்போது, முதல் கீழ் அடிக்கும் இரண்டாவது கீழ் அடிக்கும் நடுவில் கை தொடாமல் சட்டென்று மேலே திரும்ப வேண்டும். மெதுவான பாட்டில் அதுகூட வேண்டாம், 'தகிட தகிட' என்ற ஆறு எழுத்துக்கும் கீழ் அடியே போட்டு, ஒவ்வொரு தகிடவின் முதல் த-வுக்கும் மட்டும் கொஞ்சம் அழுத்தம் கொடுத்தாலே பாட்டு நிற்கும். நான்கு தட்டுப் பாட்டில் அழுத்தம் வேறு இடத்தில் விழும். இரண்டாவது, நான்காவது தட்டுகளில், அதாவது தி-யிலும் ஜ-விலும், சற்று ஓங்கி அடித்துப் பாருங்கள். அதே பேட்டர்ன் திடீரென்று உயிரோடு கேட்கும்.

வேகத்துக்கு அவசரப்பட வேண்டாம். சீராகத் தட்டு ஒலிக்கும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60-இல் வையுங்கள், நொடிக்கு ஒரு தட்டு. நான்கு நிமிடம், அதாவது ஒரு முழுப் பாட்டு நீளத்துக்கு, இடறாமல் வந்தால் 65-க்குப் போங்கள். அசல் பாட்டோடு வாசிக்க ஆசையாக இருந்தால் யூடியூபில் வேகத்தை 0.75 ஆக்குங்கள், ஸ்ருதி மாறாது. தினமும் கால் மணி நேரம் போதும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் உட்காருவதில் விரல் நுனி புண்ணாவதுதான் மிச்சம்.

விரல் தாங்க முடியாமல் வலிக்கிறது என்றால் கிட்டாரையும் ஒரு தடவை பாருங்கள். 12-ஆவது ஃப்ரெட்டில் (கிட்டார் கழுத்தின் குறுக்கே இருக்கும் உலோகக் கோடுகளில் 12-ஆவதில்) தடித்த கம்பி 3 மில்லிமீட்டருக்கு மேல் தூக்கி நின்றால், வாங்கிய கடையிலோ பழுது பார்ப்பவரிடமோ கொடுத்து ஆக்‌ஷனைக் (கம்பி நிற்கும் உயரத்தைக்) குறைக்கச் சொல்லுங்கள். கம்பி மாற்றும்போது மெல்லியது 0.010 அல்லது 0.011 அங்குலத்தில் தொடங்கும் செட்டாக வாங்குங்கள். புதுக் கம்பி முதல் சில நாள் இழுபட்டு ஸ்ருதி இறங்கிக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் டியூனரில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கூடவே பாடவும் போகிறீர்கள் என்றால் ஒரு கேப்போ (எல்லாக் கம்பிகளையும் ஒரே ஃப்ரெட்டில் அழுத்திப் பிடிக்கும் கிளிப்) வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் குரலுக்கு இரண்டு கட்டை ஸ்ருதி வசதி என்று வைத்துக்கொள்வோம், அது டி. சி ஸ்கேலின் கார்டுகளையே பிடித்துக்கொண்டு கேப்போவை 2-ஆவது ஃப்ரெட்டில் போட்டால் சரியாக வந்துவிடும். புதுக் கார்டு எதுவும் கற்க வேண்டாம், வலது கை தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஆனால் பாட்டையும் கிட்டாரையும் முதல் நாளே சேர்க்காதீர்கள். பேட்டர்ன் ஓடும்போது யாராவது கேட்கும் கேள்விக்குக் கை நிற்காமல் பதில் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் பாடத் தொடங்கலாம்.

எந்தப் பாட்டு என்று எழுதுங்கள். அது தகவா தகிடவா என்று கேட்டுப் பார்த்து, அதற்கு எளிய கார்டுகளையும் சொல்கிறேன்.