பிரெஞ்சு வாசித்தால் விளங்குது, கதைத்தால் விளங்கவில்லை: கிளிநொச்சியில் இருந்து கேட்டவருக்கு

புத்தகத்தை ஒரு மாதம் பின்னுக்கு வையுங்கள். முதலில் காது, பிறகு கண். ஆறு மாதம் படித்தும் பாரிசில் இருக்கிற அண்ணாவின் பிள்ளைகள் கதைப்பது பிடிபடவில்லை என்றால், குறை அனேகமாகச் சொல்லறிவில் இல்லை.

பிரெஞ்சில் சொல்லின் கடைசி மெய் பெரும்பாலும் ஒலிக்காது. அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் சில இடங்களில் திரும்ப எழும்பும்: 'லே' (les), 'அமி' (amis, நண்பர்கள்) சேர்ந்தால் 'லேஸமி'. நாங்கள் 'மணியடித்தது' என்று சேர்த்துச் சொல்வதைப் போலத்தான். 'எனக்குத் தெரியாது' என்பது புத்தகத்தில் 'ஜ ந சே பா'. பிள்ளைகளின் வாயில் 'ஷே பா'.

சோதித்துப் பாருங்கள். பிரான்சின் சர்வதேச வானொலியான ஆர்.எஃப்.ஐ.யின் எளிய பிரெஞ்சுச் செய்தி 10 நிமிடம். சிக்னல் நல்லா இருக்கும்போது எழுத்து வடிவத்தோடு இறக்கி வையுங்கள்.

1. 30 வினாடி கேட்டு, கேட்டதை எழுதுங்கள்.
2. ஒப்பிடுங்கள். தவறவிட்டவை தெரிந்த சொற்களே என்றால் பிரச்சினை காதில்தான்.
3. அதே துண்டை ஐந்து நாள், தினம் 15 நிமிடம், ஒலி ஓடும்போதே உடனுக்குடன் உரக்கச் சொல்லுங்கள். பன்மொழியாளர் அலெக்சாண்டர் ஆர்கெயெஸ் பரப்பிய நிழல்முறை இது. அவர் நடந்துகொண்டே செய்யச் சொல்வார். வாய்க்குள் முணுமுணுத்தால் பலனில்லை.

ஒன்று கவனம்: உச்சரிப்பைத் தமிழில் எழுதிப் பாடமாக்காதீர்கள். மீனும் நஞ்சும் இரண்டுமே 'புவாசோன்' என்றுதான் வரும். நடுவில் வரும் ஒலி அதிர்வில்லாத 's' ஆ (poisson, மீன்), அதிர்வுள்ள 'z' ஆ (poison, நஞ்சு) என்பதில்தான் வித்தியாசம். இரண்டாம் படியில் தவறவிட்டவற்றில் தெரியாத சொற்களே கூட என்றால், இந்தத் துண்டை விட்டு இன்னும் இலகுவானதை எடுங்கள்.