ரங்கூனில் மார்ச் மாதப் புகைமூட்டம் பழுப்பாக இருப்பது ஏன்? வண்டிப் புகை கருப்பாகத்தானே இருக்கும்?

வண்டிப் புகை மட்டும் என்றால் நீங்கள் கேட்பது சரிதான். டீசல் என்ஜினும் ஜெனரேட்டரும் கக்கும் கருங்கரி எல்லா நிற ஒளியையும் விழுங்கும், அதனால் கருப்பு. நீங்கள் பார்ப்பதில் பெரும் பங்கு வேறு ரகம்: பிரவுன் கார்பன் என்கிற கரிமத் துகள். இது நீலத்தையும் புற ஊதாவையும் உறிஞ்சிக்கொண்டு சிவப்பைப் பெரும்பாலும் விட்டுவிடும். நைட்ரஜன் டை ஆக்சைடு வாயுவும் பழுப்புதான், ஆனால் அது துகள் இல்லை.

பிரவுன் கார்பன் அதிகம் வருவது கொழுந்துவிட்டு எரியும் தீயிலிருந்து அல்ல, கனன்று புகையும் தீயிலிருந்து. விறகு அடுப்பைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. காய்ந்த விறகு நன்றாக எரிந்தால் சட்டியின் அடியில் கரி பிடிக்கும். ஈர விறகு புகைந்தால் கூரைத் தகரத்தில் காப்பி நிறத்தில் பிசுபிசுவென்று ஒட்டும். மார்ச்சில் ஷான் மலையிலும் பெகு யோமா மலைத்தொடரிலும் தவுங்யா என்கிற இடம் மாற்றிப் பயிரிடும் மலைச் சாகுபடிக்குக் காட்டை வெட்டி எரிக்கிறார்கள். புறநகரில் குப்பையும் எரிகிறது. மே மாத மழை வரும்வரை காற்றைக் கழுவ ஒன்றும் இல்லை. 2003 முதல் நகருக்குள் மோட்டார் சைக்கிளுக்குத் தடை போட்டார்கள். இந்தப் புகையை அது என்ன செய்யும்?

படிவது பிரவுன் கார்பனா கருங்கரியா என்று வீட்டிலேயே பார்க்கலாம். சமையலறைக்குத் தள்ளி இருக்கும் ஜன்னல் வலையில் (எண்ணெய்ப் பிசுக்கு கலந்துவிடக் கூடாது) படிந்ததை முதலில் தண்ணீர்ப் பஞ்சால் துடையுங்கள், அப்புறம் ஸ்பிரிட் பஞ்சால். இரண்டாவதில் பழுப்பு இன்னும் நன்றாக இறங்கும். கருங்கரி எதிலும் கரையாது, தூளாகத்தான் ஒட்டும். தூசியும் சேர்ந்திருக்கும் என்பதால் இது சும்மா ஒரு குத்துமதிப்புதான். ஆய்வாளர்கள் வடிதாளில் பிடித்த துகளை மெத்தனாலில் ஊறவைத்து அந்தச் சாற்றின் நிறத்தை அளப்பதும் ஏறக்குறைய இதே வேலைதான்.

அதற்காக வண்டிகளை முழுதாக விட்டுவிட முடியாது. விறகுப் புகையில் இருக்கும் பீனால்கள் என்கிற கரிமச் சேர்மங்கள், வண்டிகள் விடும் நைட்ரஜன் ஆக்சைடுகளோடு சேர்ந்து மஞ்சள் நிற நைட்ரோபீனால்களாக மாறும், இரவில் குறிப்பாக. பகல் வெயில் இந்த நிறத்தைச் சில மணி நேரத்திலேயே வெளுக்க வைக்கும். நிறம் போனாலும் துகள் போகாது, நுரையீரலுக்கு அது அதே துகள்தான்.

நிறையப் பேர் வீட்டுக் கரி அடுப்பைக் குறை சொல்கிறார்கள். கரன்ட் போனால் வேறு என்ன செய்வது? பிரவுன் கார்பனைப் பொறுத்தவரை அடுப்புக்கரி விறகைவிடப் பரவாயில்லை. புகைய வேண்டியதில் பெரும்பகுதி, ஐராவதி டெல்டாவில் மரத்தைக் கரியாக்கிய சூளையிலேயே போய்விட்டது. கார்பன் மோனாக்சைடுதான் அதில் ஆபத்து. அடுப்பு எரியும்போது ஜன்னலைத் திறந்தே வையுங்கள், வெளியே மூட்டமாக இருந்தாலும்.