மரபுப் பாதுகாப்புப் பயிற்சி: ஊதியமில்லாமல் சேரலாமா?

கேள்வி: நான் கும்பகோணத்தைச் சேர்ந்தவள். சென்ற ஆண்டு பி.எஸ்ஸி. வேதியியல் முடித்தேன். பழைய ஓவியங்கள், செப்புத் திருமேனிகள், ஓலைச்சுவடிகள் போன்றவற்றைப் பாதுகாக்கும் துறையில் வேலை செய்ய வேண்டும் என்பது என் ஆசை. சென்னையில் ஒரு சிறிய தனியார் நிறுவனம் ஆறு மாதப் பயிற்சிக்கு அழைக்கிறது. ஊதியம் கிடையாது; தங்கும் செலவும் என்னுடையது. வீட்டில் அதற்கு வசதியில்லை. உதவித்தொகையுடன் பயிற்சி பெற வழி உண்டா? தமிழ் எம்.ஏ. முடித்த என் தோழியும் இதையே கேட்கிறாள்.

பதில்: வழி உண்டு. அதனால் இப்போது சொல்லப்பட்ட நிபந்தனையில் அந்த நிறுவனத்தில் சேர வேண்டாம். நகரத்தில் ஆறு மாதம் சொந்தப் பணத்தில் தங்க முடிந்தவர்களுக்கு மட்டுமே இந்தத் துறையின் கதவு திறக்கிறது என்பது எனக்கு நெடுநாளாக இருக்கும் வருத்தம். கோயில் நகரங்களில் பிறந்து, இந்தப் பொருள்களைப் பார்த்தே வளர்ந்த உங்களைப் போன்றவர்கள் வெளியே நிற்பது துறைக்குத்தான் இழப்பு.

ஆனால் அந்த நிறுவனத்தை உடனே மறுத்துவிடவும் வேண்டாம். பணமில்லை என்பதுதான் அவர்களின் தடை என்றால், மத்திய அரசின் தேசியத் தொழில் பழகுநர் பயிற்சித் திட்டத்தை அவர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள். தொழில் பழகுநர் சட்டத்தில் 2014-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு பொறியியல் அல்லாத பட்டதாரிகளும் இதில் சேரலாம். 2019 விதிகளின்படி பட்டதாரிக்கு மாத உதவித்தொகை குறைந்தது 9,000 ரூபாய். குறைந்தபட்சத் தொகையில் பாதியை மத்திய அரசே ஏற்கிறது. முப்பது பேரோ அதற்கு மேலோ பணியாற்றும் நிறுவனங்கள் பழகுநர்களை எடுத்தே ஆக வேண்டும். நான்கு பேர் இருந்தாலே விருப்பத்தின் பேரில் பதிவுசெய்யலாம். சிறிய பாதுகாப்புக் கூடங்கள் பலவற்றுக்கு இந்த விவரம் எட்டுவதே இல்லை. சென்னை தரமணியில் உள்ள தென் மண்டலத் தொழில் பழகுநர் பயிற்சி வாரியத்தில் உங்கள் பட்டத்துக்கு எந்தப் பிரிவில் இடம் உண்டு, இன்றைய தொகை எவ்வளவு என்று கேட்டுக்கொண்டு, அந்த விவரத்துடன் நிறுவனத்துக்கு எழுதுங்கள். சென்னையில் 9,000 ரூபாய் தாராளமான தொகை ஆகாது. விடுதி வாடகைக்கே பெரும்பகுதி போய்விடும். மீதியைத் தர முடியுமா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

பணத்துக்கு இணையாக இன்னொன்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்: உங்கள் அருகில் நின்று கற்றுத்தரப் போவது யார்? இந்த வேலையில் தவறிய கை விட்ட தடத்தை அழிப்பது எளிதல்ல. 1920-களின் தொடக்கத்தில் ஐதராபாத் நிஜாம் அரசு வரவழைத்த இத்தாலிய வல்லுநர்கள், அஜந்தா ஓவியங்களைக் காப்பதற்காக அரக்கு வார்னிஷ் பூசினார்கள். காலப்போக்கில் அது மஞ்சளாகி, கருத்து, ஓவியத்தையே மறைத்தது. அதை அகற்றும் பணி தொல்லியல் துறை வேதியியலாளர்களுக்குப் பல பத்தாண்டுகள் நீண்டது. உங்கள் பக்கத்து ஊரில் பொறுமையான வேலைக்குச் சான்று இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் கால ஓவியங்கள் இருப்பது 1931-இல் தெரியவந்தது. பின்னாளில் தொல்லியல் துறையினர் மேலடுக்கைச் சிதைக்காமல் பிரித்தெடுத்துத் தனிப் பலகைகளில் பொருத்தினார்கள். இரண்டு அடுக்குகளும் பிழைத்தன.

ஆகவே, மரபுப் பொருள் பாதுகாப்பில் தேர்ந்த வல்லுநர் கூடத்தில் தினமும் இருப்பாரா, முதல் சில வாரங்கள் எதைத் தொட விடுவார்கள், பொருளின் நிலை அறிக்கையை நீங்களே எழுதிப் பழகலாமா, பொருளுக்குச் செய்த வேலையைக் குறித்துவைக்கும் சிகிச்சைப் பதிவேட்டில் உங்கள் பெயர் வருமா என்று நேரடியாகக் கேளுங்கள். முதல் நாளே பஞ்சும் கரைப்பானும் தந்து ஒரு திருமேனியைத் துடைக்கச் சொல்லும் இடம், உதவித்தொகை எவ்வளவு கொடுத்தாலும், உங்களுக்கு உரியதன்று.

வேதியியல் படித்தது இங்கே பெரிய பலம். மண்ணில் புதைந்திருந்த செப்புத் திருமேனியில் வெளிர்பச்சைப் பொடி உதிர்ந்தால், குளோரைடு உப்பும் ஈரமும் சேர்ந்து உலோகத்தை அரிக்கின்றன என்று உங்களுக்குச் சட்டெனப் புரியும். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930-இலேயே வேதியியல் பாதுகாப்புக் கூடம் தொடங்கப்பட்டதற்கு அங்கிருந்த செப்புத் திருமேனிகள்தான் காரணம். அந்தக் கூடத்தின் தொடக்கக் காலத்தில் வேதியியலாளர் எஸ். பரமசிவன் செய்த பணியைத் தேடிப் படியுங்கள்.

மற்ற வாய்ப்புகளுக்கு வருகிறேன். மத்தியக் கலாசார அமைச்சகத்தின் இளநிலை ஆய்வு நல்கை மாதம் 10,000 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகளுக்குக் கிடைக்கிறது. மரபுப் பொருள் பாதுகாப்பின் அறிவியல், தொழில்நுட்பக் கூறுகள் அதன் பாடப் பட்டியலிலேயே இருக்கின்றன. ஆனால் 25 வயது நிறைந்திருக்க வேண்டும், சொந்தமாக ஒரு ஆய்வுத் திட்டமும் வேண்டும். உங்களுக்கு அது இரண்டாம் படி. நொய்டாவில் உள்ள இந்திய மரபு நிறுவனத்தில், அதாவது முந்தைய தேசிய அருங்காட்சியக நிறுவனத்தில், மரபுப் பொருள் பாதுகாப்பு முதுநிலைப் படிப்புக்கு அறிவியல் பட்டதாரிகள் விண்ணப்பிக்கலாம். முதுநிலைப் படிப்புக்குப் பிறகு கலைப்பொருள் பாதுகாப்பில் ஈடுபடும் லாஸ் ஏஞ்சலிஸ் கெட்டி நிறுவனத்தின் ஊதியத்துடன் கூடிய பயிற்சிக்கும் முயலலாம். அதற்கு எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம்.

உங்கள் தோழிக்குத் தொல்லியல்தான் நேர்வழி. தமிழ்நாடு தொல்லியல் துறை நடத்தும் தொல்லியல், கல்வெட்டியல் முதுநிலைப் பட்டயப் படிப்பு உதவித்தொகையுடன் கூடியது. மத்தியத் தொல்லியல் துறையின் கிரேட்டர் நொய்டா நிறுவனத்திலும் அப்படியொரு பட்டயப் படிப்பு உண்டு. அதன் 2020 அறிவிப்பில், தகுதிக்கான பாடப் பட்டியலில் தமிழ் விடுபட்டு, எதிர்ப்புக்குப் பிறகு சேர்க்கப்பட்டது. எனவே தமிழ் எம்.ஏ. போதாது என்று யாராவது சொன்னால் அறிவிப்பை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

விண்ணப்பத்துடன் ஒரு மாதிரி நிலை அறிக்கையை இணையுங்கள். வீட்டில் உள்ள பழைய பித்தளை விளக்கோ தாத்தாவின் கணக்குப் புத்தகமோ போதும். அளவு, பொருள், விரிசல், கறை, பூச்சி அரித்த இடம், முன்பு யாரோ ஒட்டிய ஒட்டு ஆகியவற்றை இரண்டு பக்கத்தில் எழுதி, நான்கு புறமும் அளவுகோல் வைத்துப் படமெடுங்கள். அந்தப் பொருளைத் துடைக்க வேண்டாம், எண்ணெய் தடவ வேண்டாம், இருக்கிறபடியே பதிவுசெய்யுங்கள்.