முதலில் எந்தக் கருவி வாங்குவது? புதிதாகத் தோட்டம் போடுபவர்களின் கேள்விகள்

மாடியில் 15 பைகளில் கத்தரி, தக்காளி, கீரை போடப் போகிறேன். ஐந்து கருவிகள் சேர்ந்த செட் வாங்கலாமா?

வேண்டாம். அதில் இரண்டைத்தான் அடிக்கடி எடுப்பீர்கள். 15 பைகளுக்கு நான்கு சாமான் போதும்: மண் அள்ளும் கைக்கரண்டி, பூவாளி, செடி வெட்டும் கத்தரி, 1 அல்லது 2 லிட்டர் கைத்தெளிப்பான். மண் கலக்க ஒரு சிமென்ட் சட்டியோ பழைய பேசினோ இருந்தால் சரி. செட்டில் வரும் மூன்று முள் கிளறி பைக்கு ஆகாது. இரண்டு விரல் ஆழத்தைத் தாண்டினால் வேர் அறும், ஓரத்தில் பட்டால் பை கிழியும். மேல்மண்ணைப் பொலபொலப்பாக்க, சாப்பிடப் பயன்படும் பழைய முள்கரண்டியே நன்றாக வேலை செய்யும்.

மண்வெட்டி, கடப்பாரை இரண்டையும் மாடிக்குக் கொண்டு போகவே போகாதீர்கள். தவறி ஒரு வெட்டு விழுந்து தட்டோடு பெயர்ந்தால், அடுத்த மழைக்குக் கூரை ஒழுகும்.

கைக்கரண்டி ஒரே மாதத்தில் வளைந்துவிட்டது. விலை கூடியதாக வாங்கினால் வளையாதா?

விலையைப் பார்க்காதீர்கள், கழுத்தைப் பாருங்கள். தகடும் பிடியும் சேரும் இடம்தான் கழுத்து. மண்ணை நெம்பும்போது மொத்த விசையும் அங்கேதான் இறங்கும். மெல்லிய கம்பியை ஒரே புள்ளியில் பற்றவைத்திருந்தால் அது வளையும், இல்லை பற்று விட்டுப்போகும். கடையிலேயே நுனியைத் தரையில் ஊன்றி, உள்ளங்கையால் பிடியை அழுத்திப் பாருங்கள். கழுத்து கொஞ்சம் நெளிந்தாலும் வாங்க வேண்டாம். தகடும் கழுத்தும் ஒரே இரும்பாக இருப்பது நல்லது. மரப்பிடி என்றால் தகடு சேரும் வாயில் பூண் (இரும்பு வளையம்) போட்டு, குறுக்கே ஆணி அடித்திருக்க வேண்டும்.

எவர்சில்வர் கரண்டியில் துரு வராது, ஈரமண்ணும் அதிகம் ஒட்டாது. ஆனால் மலிவானவற்றில் தகடு மெலிதாக இருக்கும். எதுவானாலும் இறுகிய மண்ணில் குத்தி நெம்ப வேண்டாம். முதல் நாளே தண்ணீர் விட்டு, மண் பதமானபின் தோண்டுங்கள்.

செடி வெட்டும் கத்தரியில் இரண்டு வகை காட்டுகிறார்கள். எது எடுப்பது?

காசு கூடக் கொடுக்க வேண்டிய கருவி இது ஒன்றுதான். ஒரு வகையில் இரண்டு வளைந்த அலகுகள் ஒன்றையொன்று உரசிக் கடக்கும். இன்னொன்றில் ஒரே அலகு தட்டையான பட்டைமேல் போய் உட்காரும். பச்சைக் கிளைக்கு முதல் வகைதான். இரண்டாவது பச்சைத் தண்டை நசுக்கும், நசுங்கிய இடம் அழுகும். காய்ந்த குச்சிக்கு அதை வைத்துக்கொள்ளலாம்.

வாங்கும்போது செய்தித்தாள் துண்டை வெட்டிப் பாருங்கள். நுனிவரை மடங்காமல் அறுபட வேண்டும். சுண்டுவிரல் கனத்துக்கு மேற்பட்ட கிளைக்குக் கைவாள் எடுங்கள். வெட்டும்போது கத்தரியைத் திருகினால் அலகுகளுக்கு நடுவே இடைவெளி விழுந்துவிடும். அப்புறம் தண்டு அறுபடாமல் நாராகக் கிழியும். கூரான அலகு செடியில் நிற்கப்போகும் பக்கமும், கொக்கிபோல் வளைந்த கூரில்லாத அலகு வெட்டி எறியும் பக்கமும் இருக்கட்டும்.

சாணை பிடிப்பவரிடம் கொடுத்தால், சரிவாக இருக்கும் பக்கத்தை மட்டும் தீட்டச் சொல்லுங்கள். தட்டையான பக்கத்தைத் தீட்டினால் இரண்டு அலகும் ஒட்டி உரசாது. தக்காளி, மிளகாய்ச் செடிகளில் பாக்டீரியா நோய் வெட்டும் கத்தரி வழியாகவும் பரவும் என்பதால், ஒவ்வொரு செடிக்கும் இடையே 70 சதவீத ஆல்கஹால் தொட்ட பஞ்சால் அலகைத் துடைத்துவிடுங்கள்.

பூவாளியில் ஊற்றினால் கீரை விதையெல்லாம் ஓரத்தில் ஒதுங்குகிறது.

ஊற்றத் தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் பூவாளியிலிருந்து சொட்டு கனமாக விழும். விதையைக் குழியாக்கி அடித்துப்போவது அதுதான். பைக்கு வெளியே சாய்க்கத் தொடங்கி, தூறல் சீரானதும் பைமேல் கொண்டு வாருங்கள். நிமிர்த்தும் முன் மறுபடி வெளியே கொண்டுபோங்கள். பூமுகம், அதாவது தண்ணீர் தூறும் துளைத்தலை, வானம் பார்த்திருந்தால் தண்ணீர் இன்னும் மெதுவாக விழும். துளைகள் பொடியாக இருக்கிறதா, பூமுகம் கழற்றிக் கழுவ வருகிறதா என்று பார்த்து வாங்குங்கள். படியேறித் தூக்க 5 லிட்டர் போதும், 10 லிட்டர் என்றால் தண்ணீரே 10 கிலோ.

தெளிப்பான் மூன்று முறைக்குள் அடைத்துக்கொண்டது. பழுதா?

பெரும்பாலும் வேப்பெண்ணெய் உள்ளேயே உறைந்திருக்கும். 5 மில்லி எண்ணெயைச் சில சொட்டு சோப்புக் கரைசலுடன் முதலில் குழைத்து, பிறகு 1 லிட்டர் தண்ணீரில் கலக்குங்கள். மிச்சத்தை மறுநாளைக்கு வைக்காதீர்கள். அடித்து முடித்ததும் சோப்புத் தண்ணீர் ஒரு முறை, வெறும் தண்ணீர் ஒரு முறை பீய்ச்சிவிடுங்கள். இப்போது அடைத்திருப்பதை வெந்நீரில் ஊறவைத்துப் பழைய பல் துலக்கும் பிரஷால் தேயுங்கள். துளையில் ஊசி விட்டால் அது பெரிதாகி, தூவல் தாரையாகிவிடும்.

வீட்டுக்குப் பின்னால் தரையில் தோட்டம். மண்வெட்டிக் காம்பு அடிக்கடி கழல்கிறது. தண்ணீரில் ஊறவைக்கலாமா?

அன்றைக்கு மட்டும் உதவும். ஊறிய மரம் உப்பி, இரும்புக்குள் நெருங்கி நசுங்கும். காய்ந்தபின் முன்னைவிடச் சுருங்கி, இன்னும் லொடலொடக்கும். காம்பின் தலையில் ஒரு வெட்டுப் போட்டு, காய்ந்த கட்டை மரத்தில் சீவிய ஆப்பை அடித்து இறுக்குங்கள். ஆப்பும் நிற்கவில்லை என்றால் காம்பையே மாற்றுங்கள். கருவேலங்காம்பு நன்றாக உழைக்கும். ஆனால் பச்சை மரத்தில் போட்டால் காய்ந்து சுருங்கி, இதே தொல்லை திரும்ப வரும். தலை ஆடும் மண்வெட்டியால் ஒரு வெட்டுக்கூட வெட்டாதீர்கள். ஓங்கும்போது கழன்றால் அது பின்னால் நிற்பவர்மேல் போய் விழும்.