சிப்பியைத் துளைத்தது யார்? கேள்வி பதில்

ஓடுகளில் காணும் துளைகள், பழைய பாறைகளில் எஞ்சிய அவற்றின் தடயங்கள் பற்றி வந்த கேள்விகளுக்கு, தொல்லுயிரியல் படித்த நம் உறுப்பினர் அக்கா பதில் தருகிறார்.

அக்கா, கடற்கரையில் பொறுக்கிய கிளிஞ்சலில் வட்டமாக ஒரே ஒரு ஓட்டை. மாலை கோர்க்கவே போட்டது மாதிரி இருக்கிறது. யார் வேலை?

பெரும்பாலும் ஒரு கடல் நத்தையின் வேலை. துளையின் வாய் அகன்று உள்ளே போகப் போகக் குறுகினால் நாட்டிசிட் குடும்பம், நேராக இறங்கினால் மியூரிசிட் குடும்பம் என்று சந்தேகப்படலாம். நத்தை தன் அமிலச் சுரப்பால் இரையின் மேலோட்டை இளக்கும், நாக்குப் பற்களால் சுரண்டும், மறுபடி இளக்கும். இப்படிப் பல மணி நேரம், சில சமயம் நாள்கணக்கில் நடக்கும். பாதியில் நின்ற துளையும் கிடைக்கும். அங்கே வேட்டை கைகூடவில்லை. புதைபடிவ ஓடுகளில் உள்ள இதே துளைகளுக்கு 1981இல் தொல்லுயிரியலாளர் ரிச்சர்ட் புரோம்லி ஓய்க்னஸ் என்று பெயரிட்டார். துளைத்தவரின் உடல் கூடவே கிடைப்பது அபூர்வம் என்பதால் துளைக்கே தனிப் பெயர்.

என் சிப்பியில் பொடிப்பொடியாக ஏகப்பட்ட துளைகள். கூட்டமாக வந்து தின்றார்களா?

தின்னவில்லை, குடியிருந்தார்கள். கிளியோனா போன்ற கடற்பஞ்சு ஓட்டுக்குள் அறை அறையாகக் குடைந்து வாழும். வெளியே தெரியும் துளைகள் அந்த வீட்டின் சன்னல்கள். புதைபடிவத்தில் இதற்குப் பெயர் என்டோபியா. சுண்ணாம்பைச் சின்னச் சில்லுகளாகச் செதுக்கி வெளியே தள்ளுவது இதன் வழக்கம். பவளத்திட்டு வண்டலில் அந்தச் சில்லுகளை இனம் காணலாம். மன்னார் வளைகுடா முத்துச்சிப்பிகளுக்கும் இது பழைய தொல்லைதான். கூடவே பாலிடோரா என்ற புழுவும்.

துளைத்தபோது சிப்பி உயிரோடு இருந்ததா, செத்திருந்ததா?

உட்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். உள்முகத்திலிருந்தே துளை தொடங்கினால் சதை போனபிறகு வந்தவர்கள். வெளியிலிருந்து வந்த துளையை உள்ளே புது ஓட்டுப்படலம் மூடிக் கொப்புளமாக்கியிருந்தால், சிப்பி உயிரோடிருந்து ஒட்டுப்போட்டிருக்கிறது.

கண்ணுக்கே தெரியாத துளைகளை வைத்துக் கடலின் ஆழம் சொல்கிறார்களாமே? நம்புவதா சார்?

(அக்காதான், பரவாயில்லை.) பாதி நம்பலாம். சில மைக்ரான் அகலமுள்ள இந்தச் சுரங்கங்களைக் குடைபவை சயனோபாக்டீரியா, பாசி, பூஞ்சை. முதல் இரண்டுக்கும் வெளிச்சம் வேண்டும், பூஞ்சைக்கு வேண்டாம். ஆகவே ஓட்டில் ஹையெல்லா போன்ற சயனோபாக்டீரியா குடைந்த, ஃபாசிக்னஸ் எனப்படும் துளைகள் நிறைய இருந்தால் நல்ல வெளிச்சமுள்ள கடல். பூஞ்சைத் துளைகள் மட்டும் என்றால் இருட்டான அடித்தளம். நடுவில் ஆஸ்ட்ரியோபியம் என்ற பச்சைப்பாசி இருக்கிறது. மங்கிய ஒளியே அதற்குப் போதும்; உயிருள்ள பவளத்தின் எலும்புக்கூட்டுக்குள்ளும் வாழும்.

ஆனால் இது அளப்பது வெளிச்சத்தை, மீட்டரை அல்ல. கலங்கிய கழிமுகத்தில் கொஞ்ச ஆழத்திலேயே இருட்டிவிடும். கரையோரம் துளைபட்ட ஓட்டை நீரோட்டம் ஆழத்துக்கு இழுத்துப் போயிருக்கவும் கூடும். ஒரே ஒரு சிப்பியை வைத்துக்கொண்டு ஆழத்தை எண்ணால் சொல்பவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்.

மிகப் பழைய துளை எது?

ஓடுகளில் என்றால் கிளவுடினா. சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய குழாய் வடிவ உயிர். சீனாவில் கிடைத்த அதன் ஓடுகளில் துளைகள் இருப்பதை ஆய்வாளர்கள் பெங்ட்சனும் ஜாவோவும் 1992இல் வெளியிட்டார்கள். யார் துளைத்தது என்பது இன்றும் புதிர். ஓடு தோன்றிய காலத்திலேயே அதைத் துளைக்கவும் ஆள் வந்துவிட்டது என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். ஓடுகளை விட்டு மற்றச் சுண்ணாம்புப் பாறைகளுக்குப் போனால் நுண்துளைகள் இன்னும் பல கோடி ஆண்டுகள் பழையவை.

புதைபடிவச் சிப்பியை வினிகரில் ஊறவைத்துக் கழுவலாமா?

ஐயையோ, வேண்டாம்! அமிலம் முதலில் கரைப்பது துளையின் விளிம்பைத்தான். ஆய்வகத்திலும் அமிலம் உண்டு, ஆனால் கடைசியில்: வெற்றிடத்தில் எபாக்ஸி பிசினைத் துளைகளுக்குள் இறக்கி, இறுகியபின் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஓட்டைக் கரைப்பார்கள். சுரங்கங்களின் அச்சு மட்டும் மிஞ்சும். அதற்குத் தங்கப்பூச்சு பூசி எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். உங்களுக்குப் பச்சைத்தண்ணீரும் பழைய பல்துலக்கும் பிரஷும் போதும். எங்கே எடுத்தது என்று ஒரு சீட்டும் கூடவே எழுதி வையுங்கள்.