16 கண் மதகும் கைக்குழந்தையும்

அன்புள்ள ஐயா,

மார்கழியில் குடும்பத்தோடு ஏற்காடு போயிருந்தோம். ராத்திரிக் குளிரில் எங்களுக்கெல்லாம் பல் தந்தியடித்தது. மகள் வயிற்றுப் பேரன், பிறந்து இரண்டு மாதம், நடுங்கவே இல்லை. முதுகைத் தொட்டால் கதகதவென்று இருந்தது. செல்லுக்குள் அணை இருக்கிறது என்று நீங்கள் முன்பு எழுதியதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

அன்புள்ள அம்மா,

உண்டு, நேரடியான தொடர்பே உண்டு.

மேட்டூரில் 120 அடிக்குத் தேங்கும் தண்ணீர், சுழலி வழியாக இறங்கும்போதுதான் மின்சாரம் கிடைக்கிறது. நம் செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவிலும் அப்படித்தான். சாப்பாட்டிலிருந்து பிரிந்த எலக்ட்ரான்கள் கைமாறிக் கைமாறி ஆக்சிஜனிடம் போய்ச் சேர்கின்றன. அந்த ஓட்டத்தின் பலத்தில் புரோட்டான்கள் உட்சவ்வுக்கு வெளியே இறைக்கப்பட்டு அங்கே தேங்குகின்றன. அவை திரும்பி வரும் முக்கிய வழி, சவ்வில் பதிந்திருக்கும் ஏ.டி.பி. சிந்தேஸ் என்ற புரதச் சுழலி. புரோட்டான் நுழைய நுழைய அது சுழன்று, செல் தன் வேலைகளுக்குச் செலவழிக்கும் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி.யை உண்டாக்குகிறது. சுழல்கிறது என்று உவமைக்காகச் சொல்லவில்லை. 1997இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதன் அச்சில் ஒளிரும் இழையொன்றை ஒட்டி, அது சுற்றுவதை நுண்ணோக்கியில் கண்ணாலேயே பார்த்தார்கள்.

அணை உவமை ஓரிடத்தில் போதாது. புரோட்டானுக்கு மின்னேற்றமும் உண்டு. சவ்வின் இரு பக்கங்களுக்கும் இடையே சுமார் 0.15 வோல்ட், டார்ச் பேட்டரியில் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் சவ்வின் கனம் ஒரு மில்லிமீட்டரில் 2 லட்சத்தில் ஒரு பங்கு. அந்தக் கணக்கில் மீட்டருக்கு 3 கோடி வோல்ட்! இவ்வளவு மெல்லிய சுவர் இதைத் தாங்குகிறதே என்ற வியப்பு எனக்கு இன்னும் அடங்கவில்லை.

புரோட்டான் தேக்கம்தான் ஏ.டி.பி.யை உண்டாக்குகிறது என்று பிரிட்டிஷ் உயிர்வேதியியலாளர் பீட்டர் மிட்செல் 1961இல் சொன்னபோது பெரும்பாலோர் ஏற்கவில்லை. ஆற்றலைச் சுமந்து போகும் ஏதோ ஒரு வேதிப்பொருளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். வழக்கமாக வெளிச்சத்தின் பலத்தில் ஏ.டி.பி. செய்பவை இலைகளின் பசுங்கணிகங்கள். 1966இல் ஜாகென்டார்ஃப், உரிபே என்ற ஆய்வாளர்கள் கீரையின் பசுங்கணிகங்களைப் புரோட்டான் மிகுந்த அமிலத்தில் ஊறவைத்து, இருட்டிலேயே புரோட்டான் குறைந்த காரக் கரைசலுக்கு மாற்றினார்கள். துளி வெளிச்சம் இல்லாமல் ஏ.டி.பி. வந்தது! தேக்கம் ஒன்றே போதும் என்பதற்கு இதைவிட அழகான சாட்சி எனக்குத் தெரியாது. மிட்செலுக்கு 1978இல் நோபல் பரிசு கிடைத்தது.

இப்போது உங்கள் பேரன். மேட்டூர் நிரம்பினால் உபரித் தண்ணீரை 16 கண் மதகு வழியாகத் திறந்துவிடுகிறார்கள். நுரைத்துப் பாயும் அந்தத் தண்ணீரிலிருந்து மின்சாரம் எடுப்பதில்லை. குழந்தையின் தோள்பட்டைகளுக்கு நடுவில் பழுப்புக் கொழுப்பு இருக்கிறது. அதன் மைட்டோகாண்ட்ரியாச் சவ்விலும் ஒரு மதகு உண்டு, யு.சி.பி.1 என்ற புரதம். குளிர் பட்டதும் நரம்பு வழியாகச் சேதி வர, மதகு திறக்கிறது. புரோட்டான்கள் சுழலிப் பக்கம் போகாமல் நேரே உள்ளே பாய்கின்றன, ஏ.டி.பி.யாக வேண்டிய ஆற்றல் சூடாகிவிடுகிறது. நீங்கள் தொட்ட முதுகுக்குள் நடந்தது இதுதான். வளர்ந்தவர்களிடம் இந்தக் கொழுப்பு கொஞ்சமே மிச்சம் என்பதால் நாம் தசைகளை நடுங்கவைத்துச் சூடு தேடுகிறோம்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம் அம்மா. அவன் நடுங்கவில்லை என்பதால் குளிரவில்லை என்று ஆகாது. குடித்த பால்தான் அங்கே சூடாகக் கரைகிறது. அடுத்த முறை மலையேறும்போது குல்லாயும் கம்பளியும் எடுத்துப் போங்கள். பால் கொடுக்கும் இடைவெளியும் நீள வேண்டாம்.